ஆர்ச்வே பூனையும் ஆறு மணித்தியாலமும்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என்னட்டை வந்தவன். நான் ஆர்ச்வேயில் இரண்டு பேரோடு வீடு பகிர்ந்து இருக்கிறன். அவன் இன்னும் ஹரோவில் அம்மா அப்பாவோட. சோறும் பருப்பும் சாப்பிட்டு முடிய, ஃபோனை எடுத்து நீட்டினான். அதில ஒரு கடிதம்: இன்னொரு அப்ரென்டிஸ்ஷிப்புக்கான அழைப்பு.

"அக்கா, இதை எடுக்கட்டோ? இல்லாட்டி அம்மா சொல்ற மாதிரி யூனிக்கே போகட்டோ?"

'இன்னொரு' எண்டு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. முதலாவதை அவன் பதினோராவது மாதத்தில விட்டிட்டு வந்தவன். கையில சான்றிதழும் இல்லை, சேமிப்பும் இல்லை. "உன்ர வயசில உன்ர கொக்கா ஏ.எல். முடிச்சிட்டாள்" எண்ட அப்பாவின்ர பேச்சு மட்டும் மிச்சம்.

நான் உழைப்பைப் பற்றி ஆய்வு எழுதுகிறவள். வேலைநிறுத்தங்களில் பதாகை பிடிச்சவள். ஆனால் அன்றைக்கு அவனுக்கு ஒரு நேரான பதில் சொல்ல என்னால முடியேல்லை. "முதலாளிகளின்ர சுத்துமாத்து, போகாத" எண்டு சொல்ல வாய் வந்தது. பிறகு யோசிச்சன்: என்ர யூனிக் கடன் ஐம்பதாயிரம் பவுணைத் தாண்டி நிற்குது. நான் எந்த முகத்தோட அவனுக்குப் புத்தி சொல்றது?

அவனை ஸ்ரேஷன் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகாமல், மேல, ஹைகேற் ஹில் பக்கம் நடக்கக் கூட்டிப் போனன். இந்தக் கட்டுரை அந்த நடையில தொடங்கினது.

கல்லில் இருக்கிற பூனை

ஆர்ச்வே ஸ்ரேஷனிலிருந்து மேட்டில் ஏறத் தொடங்கினால், கொஞ்சத் தூரத்தில் இரும்புக் கம்பிக்குள் ஒரு கல் நிற்கும். 1821இல் வைத்த கல். அதுக்கு மேல 1964இல் வைத்த கருப்புப் பூனை. விட்டிங்டன் கல் எண்டு சொல்லுவினம். மேலே இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயர்தான்.

கதை எல்லாருக்கும் தெரியும். இங்க பிறந்த எங்களை ஒவ்வொரு மார்கழியும் பள்ளிக்கூடத்தில் பாண்டோமைம் பார்க்கக் கூட்டிப் போனவை. ஏழைப் பொடியன் டிக் விட்டிங்டன் லண்டனுக்கு வேலை பழக வாறான். வீட்டுச் சமையல்காரி அடிக்கிறாள். தாங்கேலாமல் ஓடுறான். இந்த மேட்டில் நிற்கும்போது கோயில் மணிச் சத்தம் "திரும்பி வா, நீ மேயர் ஆவாய்" எண்டு சொல்லுது. திரும்பிப் போறான். மேயர் ஆகிறான்.

உண்மையான ரிச்சர்ட் விட்டிங்டன் ஏழை இல்லை. குளொஸ்டர்ஷயரில் நிலம் வைத்திருந்த குடும்பத்தின் இளைய மகன். லண்டனில் துணி வணிகருக்குக் கீழ் பயிலுநராகச் சேர்ந்து, பிறகு மன்னர்களுக்கே கடன் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்து, பலமுறை மேயராகி, 1423இல் செத்தவர். நடுக்கால லண்டனில் நல்ல தொழில்களில் பயிலுநராகச் சேர்வதற்கே காசும் செல்வாக்கும் வேணும். அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கேல்லை.

ஆனால் கதை ஏழைப் பொடியனைத்தான் கேட்குது. ஏனெண்டால் அந்தக் கதைக்கு ஒரு வேலை இருக்கு. அடி வாங்கினாலும் திரும்பிப் போ, பொறுத்துக்கொள், கடைசியில பலன் வரும் எண்டு சொல்றது அதின்ர வேலை. அறுநூறு வருஷம் கழிச்சு என்ர தம்பிக்கும் அதையேதான் சொன்னவை. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

தம்பியின்ர பதிவேடு

அவன் பதினெட்டு வயதில சேர்ந்தது ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில். நிறுவனத்தின் பெயர் இங்க தேவையில்லை. வேலை, ஃபோன் எடுக்கிறது. மூன்றாம் கிழமையிலிருந்து பக்கத்தில் இருந்த முழுச் சம்பளக்காரர் செய்த அதே வேலையை, அதே இலக்கோடு செய்தவன். சம்பளம் மட்டும் வேற.

எவ்வளவு வேற எண்டு பாருங்கோ. 2025 ஏப்ரலில் நிர்ணயித்த வீதத்தில், 21 அல்லது அதுக்கு மேற்பட்ட வயதுள்ள ஒரு தொழிலாளிக்கு மணிக்கு ஆகக்குறைந்தது 12.21 பவுண். 18 முதல் 20 வயதுக்காரருக்கு 10 பவுண். அப்ரென்டிஸுக்கு 7.55. இந்த 7.55, 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டுமில்லை. எந்த வயதிலும் முதலாம் வருஷத்தில் இருந்த அப்ரென்டிஸுக்குப் பொருந்தினது. நாற்பது வயதில வேலை மாறி வந்த ஒரு அம்மாவுக்கும் அப்ப சட்டப்படி அதைக் கொடுக்க முடிஞ்சது. 37 மணித்தியால வாரத்தில், பெரியவருக்குரிய வீதத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் 172 பவுண்.

சரி, குறைந்த சம்பளத்துக்கு ஒரு நியாயம் சொல்லுவினம்: மிச்சத்தைப் படிப்பாகத் தாறம். அந்தப் பேரத்தின் மற்றப் பாதி எழுத்தில் இருக்கு. இங்கிலாந்தில் அப்ரென்டிஸ்ஷிப் எண்டால், வேலை நேரத்துக்குள்ளேயே, வேலையிலிருந்து விலகி, படிக்க நேரம் தரவேணும். முதலில் வேலை நேரத்தில் 20 சதவீதம் எண்டு விதி இருந்தது. 2022இல் முழுநேர அப்ரென்டிஸுக்குக் கிழமைக்கு ஆறு மணித்தியாலம் எண்டு மாற்றிச்சினம்.

ஆறு மணித்தியாலம். தம்பியின்ர பதினொரு மாதத்தில் அந்த ஆறு மணித்தியாலம் ஒரு கிழமையும் முழுசாக வரேல்லை. "லைனில ஆள் காணாது, மொட்யூலை வீட்ட போய்ச் செய்" எண்டு சொன்னவை. இரவு பத்து மணிக்கு அவன் கட்டில்ல இருந்து வீடியோ பார்த்துக் கேள்விக்குப் பதில் அமத்திக்கொண்டு இருப்பான். இரண்டு மாதத்துக்கு ஒருக்கா பயிற்றுநர் வீடியோ அழைப்பில வருவார். மாதக் கடைசியில் ஒன்லைன் பதிவேட்டில், வேலை நேரத்தில் இத்தனை மணித்தியாலம் படிச்சன் எண்டு கையெழுத்து வைக்கவேணும். வைக்காட்டி அவனுக்குத்தான் "பின்தங்கியவர்" எண்டு சிவப்பு நிறம் காட்டும்.

அவன் வைச்சான். எல்லாரும் வைச்சவை.

அவன் ஒருத்தன்ர கதை எண்டு இதைத் தள்ளிவிட ஏலாது. இங்கிலாந்தில் 2022/23இல் அப்ரென்டிஸ்ஷிப்பை வெற்றியாக முடித்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல, 54 சதவீதமளவில்தான். ஒரு பல்கலைக்கழகத்தில் பாதிப் பிள்ளைகள் பட்டம் இல்லாமல் வெளியேறினால் பேப்பரில முதல் பக்கம் வரும். இதில வராது. ஏனெண்டால் இது எங்கட ஆக்கள். மந்திரிமார்ட பிள்ளைகள் இல்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்

பூனையைத் தாண்டி, ஆஸ்பத்திரியைத் தாண்டி, வாட்டர்லோ பார்க்குக்குள்ளால இறங்கினால் ஹைகேற் மயானம். 1883இலிருந்து கார்ல் மார்க்ஸ் அங்கதான். (அவரைப் பாக்க ரிக்கெற் எடுக்கோணும். அவர் சிரிப்பார் எண்டு நினைக்கிறன்.)

தம்பியின்ர பதிவேட்டுக் கதையைக் கேட்க எனக்கு 'மூலதனம்' முதலாம் பாகம் ஞாபகம் வந்தது. 1867இல் வந்த அந்தப் புத்தகத்தில் தொழிற்சாலைச் சட்டங்களின் கல்விப் பிரிவுகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கு. ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரு பங்கு நேரம் பள்ளிக்கூடம் போகவேணும் எண்டது சட்டம். முதலாளி பள்ளிச் சான்றிதழ் காட்டவேணும். சான்றிதழ் இருந்தது. ஆனால் சில சான்றிதழ்களில் ஆசிரியர் கையெழுத்துக்குப் பதிலாகப் புள்ளடி போட்டிருந்தார். ஆசிரியருக்கே எழுதத் தெரியாது. தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளிலிருந்து மார்க்ஸ் எடுத்துக் காட்டும் விஷயம் இது.

அந்தப் புள்ளடிதான் இன்றைக்குத் தம்பியின்ர ஒன்லைன் பதிவேட்டில் நிற்குது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நாங்கள் நிறுத்தினால் பாதி வாசிப்பு. அதே மார்க்ஸ் அதே பகுதியில் இன்னொன்றும் கவனிக்கிறார்: அரைநாள் வேலை, அரைநாள் படிப்பு எண்டு இருந்த பிள்ளைகள், நாள் முழுக்க வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் படிச்சவை. உழைப்பையும் படிப்பையும் உடற்பயிற்சியையும் சேர்க்கிறதில்தான் நாளைய கல்வியின் வித்து இருக்கு எண்டு அவர் எழுதினார். கையால் செய்கிறவர் ஒரு வர்க்கம், தலையால் யோசிக்கிறவர் இன்னொரு வர்க்கம் எண்டு மனிசரைப் பிளக்கிறதுதான் அவருக்குப் பிரச்சினை.

ஆகவே "அப்ரென்டிஸ்ஷிப் எல்லாம் மலிவு உழைப்பு" எண்டு ஒரே வரியில முடிக்கிற இடதுசாரித்தனம் எனக்கு இனிப் போதாது. மலிவு உழைப்பு எண்டது உண்மை. ஆனால் யூனிதான் விடுதலை எண்டு அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எண்ணம் உண்மை இல்லை.

எங்கட பக்கத்து வரலாறு

வேலையையும் படிப்பையும் சேர்க்கிற திட்டம் ஒன்றுக்கு எதிராகத் தமிழர் நடத்திய மிகப் பெரிய போராட்டம் எங்களில் கன பேருக்குத் தெரியாது. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப் பிள்ளைகள் ஒருவேளைதான் பள்ளிக்கூடம் வருவினம். மற்ற வேளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகுவினம். அரசாங்கம் சொன்ன காரணம்: காசு இல்லை, பள்ளிக்கூடம் காணாது, இரண்டு முறையாக நடத்தினால் கூடப் பிள்ளைகள் படிக்கலாம்.

பெரியார் அதுக்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். நாவிதர் மகன் நாவிதர், வண்ணார் மகள் வண்ணார் எண்டு பிறப்பையே பாடத்திட்டம் ஆக்குகிறார்கள் எண்டு திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கம்யூனிஸ்ற்றுகளும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். முதலமைச்சரான காமராஜர் அந்த வருஷமே திட்டத்தைக் கைவிட்டார்.

இது பழங்கதை இல்லை. 2023இல் இந்திய ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் குடும்பத் தொழில் எண்ட நிபந்தனை வந்தது. அதை இப்படியே ஏற்கமாட்டோம் எண்டு 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு சொன்னது; பிறகு அந்த நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் எண்டு தன்ர திட்டத்தைத் தொடங்கினது.

1953இன் எதிர்ப்பாளர்கள் கைத்தொழிலை இழிவு எண்டு சொல்லேல்லை. ஆர் எதைப் பழகவேணும் எண்டு பிறப்பு முடிவு செய்யக்கூடாது எண்டு சொன்னவை. இந்த வித்தியாசத்தைப் புலம்பெயர் வீடுகளில் நாங்கள் தொலைச்சிட்டம். அப்பா யாழ்ப்பாணத்தில் படிச்சு வந்து, பெற்றோல் ஸ்ரேஷனில இரவு வேலை செய்துதான் எங்களை வளர்த்தவர். அவருக்கு 'தொழில் பழகிறது' எண்டால் தோல்வி. ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாதி வாசம் இருந்தது; அந்த வாசம் விமானம் ஏறி ஹரோவுக்கும் வந்திட்டுது. "மேசன் வேலைக்கோ போகப் போறாய்?" எண்டு அம்மா தம்பியைக் கேட்கேக்க, அது வெறும் சம்பளக் கேள்வி இல்லை எண்டு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் நாங்கள் அதைக் கதைக்கிறதில்லை.

'பயிலுநர்' எண்ட சொல்லை முதலாளிகள் எப்படிப் பாவிக்கலாம் எண்டதுக்கும் தமிழ்நாட்டில் உதாரணம் இருக்கு. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டம். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள், பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து. மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை. இடையில் போனால், நோய் எண்டாலும், அந்தக் காசு பெரும்பாலும் கிடைக்காது. காகிதத்தில் அவர்கள் தொழிலாளர் இல்லை, பயிலுநர்கள். ஒரு ஸ்பின்னிங் மெஷினைப் பழக மூன்று வருஷம் தேவையில்லை எண்டு ஆலைக்குள்ள எல்லாருக்கும் தெரியும். 2011இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியக் குழுவும் வெளியிட்ட அறிக்கை, அந்த நூல் ஐரோப்பியக் கடைகளுக்கு வாற உடுப்புகளில் இருக்கு எண்டு காட்டினது. எங்கட அலுமாரியிலும் இருந்திருக்கும்.

எதிர்த்த பிள்ளைகள்

இந்த நாட்டிலும் பிள்ளைகள் சும்மா இருக்கேல்லை. 1983இல் தட்சர் அரசு இளைஞர் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் விட்ட பதினாறு வயதுக்காரருக்கு ஒரு வருஷ வேலையும் கொஞ்சம் வகுப்பும். கிழமைக்கு 25 பவுண். வேலையில்லாதோர் கணக்கிலிருந்து பெயர் போய்விடும், கடைகளுக்கு மலிவான கை கிடைக்கும். அதைக் கட்டாயமாக்கப் போகினம் எண்டு தெரிய வந்தபோது, 1985 ஏப்ரல் 25ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். ஒழுங்கு செய்தவர்களின் கணக்கில் இரண்டரை லட்சம் பேர். எங்களுக்கு இருபது வயதில கூட்டம் சேர்க்கவே மூச்சு வாங்குது. அவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

அரசாங்கம் அன்றைக்குப் பின்வாங்கினது. ஆனால் 1988இல் 16, 17 வயதுக்காரருக்கான உதவித்தொகையைப் பெரும்பாலும் நிறுத்தினது. சட்டத்தில் கட்டாயம் எண்ட சொல் இல்லை. சாப்பிட வேற வழியும் இல்லை. ஒரு திட்டம் சுயவிருப்பமா இல்லையா எண்டு பார்க்க, வேண்டாம் எண்டு சொன்னவருக்கு என்ன நடக்குது எண்டு பாருங்கோ.

யூனியில் இருக்கிற அப்ரென்டிஸ்கள்

இப்ப அம்மாவின்ர பக்கத்துக்கு வருவம். யூனிக்குப் போனால் இதெல்லாம் இல்லையா?

ஆர்ச்வேயில் விட்டிங்டன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற பெரிய செங்கல் கட்டடங்களைப் பார்த்திருப்பீங்கள். 1879இல் ஏழைகளுக்கான நோயாளர் இல்லமாகத் தொடங்கினது. பிறகு ஆஸ்பத்திரியின் ஒரு பாகம். பிறகு மிடில்செக்ஸ் பல்கலைக்கழகமும் யூ.சி.எல்.உம் சுகாதாரப் படிப்புகள் நடத்தின வளாகம். வேலையிடம் இங்க, வகுப்பறை அங்க, நடக்கிற தூரம். 2014இல் அது வீட்டமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வகுப்பறைகள் போயிட்டுது.

தாதியர் படிப்பு எண்டது இந்த நாட்டின் பெரிய வேலை-படிப்புக் கலவைகளில் ஒன்று. பதிவு பெற 4,600 மணித்தியாலம் வேணும். அதில் பாதி, 2,300 மணித்தியாலம், வார்டில். ஒருகாலத்தில் தாதி மாணவி ஆஸ்பத்திரியின் ஊழியர், சம்பளம் உண்டு. பிறகு படிப்பு பல்கலைக்கழகத்துக்குப் போனது, உதவிப்பணம் வந்தது. 2017இல் புதிய மாணவர்களுக்கு அந்த உதவிப்பணத்தை இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். 2020இலிருந்து வருஷத்துக்கு 5,000 பவுண் மானியம் திரும்பி வந்தது. ஆனால் வருஷக் கட்டணம் 2025இல் 9,535 பவுண் ஆனது. அதாவது, இரவு ஷிப்ட்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாணவி, அந்த வேலையைச் செய்யத் தானே காசு கட்டுகிறாள்.

அதே வார்டில் அதே படிப்பை அப்ரென்டிஸ்ஷிப் வழியாகச் செய்கிறவருக்குச் சம்பளம் உண்டு, கட்டணம் இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே பதிவு. இந்த இடத்தில் எங்கட வழமையான வரைபடம் தலைகீழ். யூனிக்காரிதான் இங்க சம்பளமில்லாத பயிலுநர்.

இதுக்குள்ள இனவாத வரலாறும் இருக்கு. ஐம்பதுகள், அறுபதுகளில் கரீபியன், மலேசியா, மொரீசியஸ் எண்டு வந்த இளம் பெண்களில் கன பேரை மூன்று வருஷப் படிப்பில் சேர்க்காமல், இரண்டு வருஷத் தரம் குறைந்த பதிவுக்குத் திருப்பி விட்டார்கள். சில பேருக்கு வித்தியாசமே சொல்லேல்லை. அந்தச் சான்றிதழ் அவர்களின் சொந்த நாட்டில் செல்லாது; இங்கயும் மேல போகாது. என்.எச்.எஸ்.ஸின் அடித்தட்டு அப்படித்தான் நிரம்பினது. ஆகவே ஒரு பயிற்சியைப் பார்த்தால் 'இது முடிய எங்க போகலாம்?' எண்டு கேட்க அவர்களிடமிருந்து படிச்சுக்கொள்ளுவம்.

பேர்ன் மச்சாள்

சுவிஸில் இருக்கிற என்ர மச்சாள் பதினாறு வயதில 'லேரே' தொடங்கினவள். அங்க அது வழமை. மூன்றில் இரண்டு பங்கு இளையோர் அந்தப் பாதையில்தான். கிழமையில் ஒன்று அல்லது இரண்டு நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் வேலையிடம், மூன்று நாலு வருஷம். பள்ளி நாள் பள்ளி நாள்தான். முதலாளி தொட ஏலாது. முடிய நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ். அதோட தொழிற்பிரிவு உயர்தரமும் செய்தால் பிரயோக அறிவியல் பல்கலைக்கழகம் போகலாம். அவள் போனாள்.

சொர்க்கம் எண்டு எழுதினால் அவள் எனக்கு ஏசுவாள். முதல் வருஷச் சம்பளம் ஆயிரம் பிராங்குக்குக் கீழ. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறது. எழுபது விண்ணப்பம் போட்ட பிறகுதான் ஒரு இடம் கிடைச்சது. அவளோட படிச்ச சுவிஸ் பெயர்க்காரிக்கு எட்டாவதிலேயே கிடைச்சது. "எங்கட பெயர் நீளம், நிறமும் தெரியும்" எண்டுவாள். ஆனால் கிடைச்ச பிறகு அந்தப் பள்ளி நாளை அவளிட்டை இருந்து ஒருத்தரும் பறிக்கேல்லை. அந்த ஒரு விஷயத்தில் தம்பியைவிட அவள் பணக்காரி.

ஆற்ற காசு

"காசு இல்லை" எண்டு இங்க சொல்லுவினம். 2017 ஏப்ரலிலிருந்து வருஷச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுணைத் தாண்டிய முதலாளிகள், தாண்டிய தொகையில் 0.5 சதவீதம் அப்ரென்டிஸ்ஷிப் லெவியாகக் கட்டவேணும். பயிற்சிக்குச் செலவழிக்காட்டி அந்தக் காசு கைவிட்டுப் போயிடும். அப்ப என்ன செய்தவை? புதுப் பிள்ளைகளை எடுக்கிறதைவிட, ஏற்கெனவே இருக்கிற ஊழியரை, மனேஜர்மாரைப் படிப்பிச்சு அதையும் அப்ரென்டிஸ்ஷிப் எண்டு கணக்கு எழுதினவை கன பேர். 2016/17இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 4,95,000 பேர் தொடங்கினார்கள். 2023/24இல் ஏறத்தாழ 3,40,000. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 25 வயதுக்கு மேல. 19 வயதுக்குக் கீழ நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. முதுகலைத் தரத்துக்குச் சமமான ஏழாம் நிலைக்கான காசை 2026 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் 21 வயது வரைக்கும் எண்டு கட்டுப்படுத்தியது, ஓட்டையை அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரி.

அதே நேரம் ஆகக்குறைந்த காலத்தைப் பன்னிரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதமாக 2025இல் குறைச்சிட்டினம். நெகிழ்வு எண்டு பெயர். தம்பியின்ர நிறுவனத்துக்கு எட்டு மாதம் கிடைச்சால் இன்னும் கெதியா ஆளை மாற்றும், அவ்வளவுதான்.

தொழிற்சங்கங்கள் வழியாக வேலையிடத்தில் படிப்பை வளர்க்கத் தொண்ணூறுகளின் முடிவில் தொடங்கின சங்கக் கல்வி நிதியை 2021இல் இங்கிலாந்தில் நிறுத்தினதும் இந்த வரிசையில்தான். முதலாளியின்ர லெவி இருக்கலாம், தொழிலாளியின்ர பக்கத்தில் நின்று "பிள்ளைக்குப் படிப்பு நேரம் எங்க?" எண்டு கேட்க ஒரு ஆள் இருக்கக்கூடாது.

அப்ப என்ன செய்வம்?

இந்தச் செய்திமடலை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தம்பி, தங்கச்சி, மச்சான் ஆரோ ஒருத்தர் இந்த நிலையில் இருப்பினம். என்ர யோசனைகள் இவ்வளவும்.

முதலாவது, அப்ரென்டிஸ் சட்டப்படி ஊழியர். வேலை ஒப்பந்தம் உண்டு, சங்கத்தில் சேரலாம். கன சங்கங்களில் அப்ரென்டிஸுக்குச் சந்தா குறைவு. முதல் கிழமையே சேரச் சொல்லுங்கோ. பிரச்சினை வந்த பிறகு இல்லை.

இரண்டாவது, நடக்காத மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வைக்கவேண்டாம் எண்டு ஒரு பதினெட்டு வயதுக்காரனுக்குத் தனிய சொல்றது அநியாயம். அவனை வேலையை விட்டுத் தூக்கிவிடுவினம். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து, உண்மையான மணித்தியாலத்தைத் தங்கட கொப்பியில திகதியோட எழுதி வைச்சால் அது ஆதாரம். எங்கட கூட்டுக்குள்ள அப்படி ஒரு அப்ரென்டிஸ் வட்டம் தொடங்க எனக்கு ஆசை. மாதத்துக்கு ஒருக்கா, ஆர்ச்வேயில, தேத்தண்ணியும் கொப்பியும். வர விருப்பமான ஆக்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கோ.

மூன்றாவது, கோரிக்கை. அப்ரென்டிஸுக்கெண்டு தனி ஆகக்குறைந்த சம்பளம் வேண்டாம். செய்கிற வேலைக்கு வயசு பாராத கூலி. படிப்பு நேரத்தை முதலாளியின்ர பதிவேடு இல்லாமல், வெளியில இருந்து வந்து பார்க்கிற ஆய்வாளரும் சங்கமும் சரிபார்க்கவேணும். வார்டில் வேலை செய்கிற மாணவிக்கும் சம்பளம் வேணும். இதில அப்ரென்டிஸும் யூனி மாணவியும் ஒரே பக்கம். எங்களை இரண்டு வரிசையாய் நிற்க வைச்சது அவை.

நாலாவது, இது எங்களுக்கே. ஊருக்கு உதவி எண்டு நாங்கள் காசு சேர்க்கிற தொழிற்பயிற்சித் திட்டங்களையும் இதே கண்ணால பார்ப்பம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனம் மாதிரி, அங்கீகாரமுள்ள தகைமைக்குக் கொண்டுபோற இடமும் இருக்கு. மூன்று மாதத் தையல் பழக்கி, ஆலை வாசலில் கொண்டுபோய் விடுகிற திட்டமும் இருக்கு. படம் எடுத்து இன்ஸ்ராகிராமில போடேக்க இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். காசு அனுப்ப முன்னம் கேட்பம்: ஆரைச் சேர்க்கினம், முடிய அவள் எங்க போகலாம், விருப்பமில்லாட்டி விட்டிட்டு வரலாமோ?

தம்பிக்கு என்ன சொன்னன்? பூனைக்குப் பக்கத்தில நிண்டு அந்தக் கடிதத்தை இரண்டு பேரும் இன்னொருக்கா வாசிச்சம். இது மின்சாரத் தொழில். கிழமையில ஒரு முழு நாள் கல்லூரி எண்டு எழுதியிருக்கு. எந்தக் கல்லூரி, எந்தக் கிழமை நாள் எண்டு எழுதேல்லை. "போய்ச் சேரமுன்னம் அதை எழுத்தில கேள்" எண்டன். அங்கயே நிண்டு மின்னஞ்சல் எழுதினான். நான் எழுத்துப்பிழை பார்த்தன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. கல்லூரியின் பெயர் இருக்கு, நாள் இருக்கு: புதன். அவன் சேரப் போறான். அம்மா இன்னும் கதைக்கேல்லை, அப்பா "கரண்ட் வேலையோ" எண்டு ஒரு மாதிரிப் பார்த்தார். அவரோட நான்தான் கதைக்கவேணும். அது இன்னொரு நடை.

புதன்கிழமைகளைத் தம்பி ஒரு கொப்பியில எழுதி வைப்பான். முதல் புதனை ஆராவது பறிச்சால், ஞாயிற்றுக்கிழமை கொப்பியோட ஆர்ச்வேக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறான்.

தோழமையுடன்,
ஆர்ச்வேயிலிருந்து ஒரு அக்கா